தேங்காய்ப் பால் பவுடருக்குள் மாட்டுப்பால்!

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார் நம் உணவியல் நிபுணர்

கேள்வி: ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) என்று சொல்லி, லோ ஃபாட்மேப் உணவுமுறையில் (குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதித்து வயிற்றை ஊத வைக்கும் சர்க்கரை வகைகளைக் குறைக்கும் முறை) சில வாரம் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாட்டுப்பாலுக்குப் பதில் பாக்கெட் பாதாம் பால் வாங்கினேன். பின்பக்கத்தில் 418, 410, 322, 340 என்று ஒரே எண்ணாக இருக்கிறது. பாலை விட்டுவிட்டு ரசாயனத்தைக் குடிக்கிறேனோ என்று சந்தேகம். (வாசகி, கோவை)

எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐ.என்.எஸ். எண் என்பது உணவில் சேர்க்கும் பொருட்களுக்குக் கொடுத்திருக்கும் சர்வதேச எண், அடையாளத்துக்கு மட்டும்தான். நம் வீட்டுச் சமையல் சோடாவுக்கும் 500 என்று ஒரு எண் உண்டு, 412 என்பது குவார் கம், அதாவது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற பிசின், ராஜஸ்தானில் ஏக்கர் கணக்கில் இதற்காகவே பயிரிடுகிறார்கள். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் 410 கேரப் என்ற மரத்தின் விதையிலிருந்து வருவது. 418 கெல்லன் கம், நுண்ணுயிரை வைத்து நொதிக்கச் செய்து எடுப்பது. பாதாம் துகள் அடியில் தங்காமல், எண்ணெய் மேலே பிரியாமல் மாதக்கணக்கில் ஒரே சீராக இருக்க இவை வேண்டியிருக்கின்றன. 340 பொட்டாசியம் பாஸ்பேட், சூடான காபியில் ஊற்றும்போது பால் திரியாமல் இருக்க (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). 322 லெசித்தின், எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிப்பது, சோயாவிலிருந்தும் வரும், சூரியகாந்தியிலிருந்தும் வரும், சோயாவையும் விலக்கியிருப்பவர்கள் எது என்று பார்க்க வேண்டும்.

ஃபாட்மேப் கணக்கில் இந்த நான்குமே பெரிய விஷயமில்லை. பிசின்கள் நார்ச்சத்து வகை என்பதால் நாளெல்லாம் டம்ளர் டம்ளராகக் குடித்தால் சிலருக்கு உப்புசம் வரலாம், ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் தேட வேண்டிய பெயர் வேறு: இனுலின். சில பாக்கெட்டில் சிக்கரி வேர் நார் என்று போட்டிருப்பார்கள், முன்பக்கத்தில் ‘நார்ச்சத்து நிறைந்தது’ என்று பெருமையாக வேறு இருக்கும். அது ஃப்ரக்டான் என்ற நொதிக்கும் சர்க்கரைச் சங்கிலி, இந்த உணவுமுறை விலக்கச் சொல்வதே அதைத்தான். தேன், ஆப்பிள் சாறு அடர்வு, பேரீச்சை சிரப், சார்பிடால் என்ற இனிப்பூட்டி இதெல்லாம் இருந்தாலும் அந்தப் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. இந்த உணவுமுறையை உருவாக்கிய மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் பாதாம் பால் ஒரு கப் வரை பாதுகாப்பானது, ஆனால் சோயா பாலில் இரண்டு வகை: முழு சோயா பயறை அரைத்ததென்றால் கூடாது, சோயா புரதத்தை மட்டும் பிரித்துச் செய்ததென்றால் சரி. நம் ஊர் கடைகளில் கிடைப்பதில் முழுப் பயறு வகைதான் அதிகம், எனவே முன்பக்கத்தில் சோயா என்று பார்த்ததும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரே பிராண்டைப் பிடித்துக்கொண்டு இந்த உணவுமுறை முடியும் வரை அதையே குடியுங்கள், நடுவில் ஆஃபர் வந்தது என்று மாற்றினால் எது வயிற்றைக் கெடுத்தது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் டயட்டீஷியனுக்கும் தெரியாது.

கேள்வி: என் ஆறு வயது மகனுக்குப் பால் புரத அலர்ஜி. பண்டிகைக்குத் தேங்காய்ப் பால் பவுடரில் பாயசம் வைத்தேன், உடம்பெல்லாம் தடித்துவிட்டது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்ததே, எப்படி? (வாசகி, சேலம்)

பச்சைப் புள்ளிக்கு அர்த்தம் சைவம், அவ்வளவுதான். பாலும் நெய்யும் வெண்ணெயும் நம் நாட்டில் சைவம்தானே! பால் இல்லை என்று அந்தப் புள்ளி எந்த வாக்குறுதியும் தரவில்லை.

அந்தப் பாக்கெட் இன்னும் வீட்டில் இருந்தால் திருப்பிப் பாருங்கள், சோடியம் கேசினேட் என்று இருக்க நிறைய வாய்ப்பு. தேங்காய்ப் பாலில் கொழுப்பு அதிகம், அதைத் தூளாக்குவதற்கு கொழுப்புத் துளியைச் சுற்றி ஏதாவது ஒரு புரதம் உறை போலப் பிடித்துக்கொள்ள வேண்டும், பல கம்பெனிகள் அதற்குப் பயன்படுத்துவது பாலின் புரதமான கேசினையே. கூடவே மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் தூளும் சேரும். பால் இல்லாத காபி க்ரீமர் என்று விற்கிற தூள்களிலும் இதே கதைதான். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பெரிதாகத் தொந்தரவு செய்யாது, உங்கள் மகன் போன்ற புரத அலர்ஜிக்காரர்களுக்கு இது பால் குடித்ததற்குச் சமம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதிப்படி பால், சோயா, நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டை வகைகள், குளூட்டன் உள்ள தானியங்கள், கிலோவுக்கு 10 மி.கி. அல்லது அதற்கு மேல் சல்பைட் என்ற பதப்படுத்தும் பொருள் இதெல்லாம் இருந்தால் ‘கொண்டுள்ளது’ என்று தனி வரியில் அறிவிக்க வேண்டும். சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க நேரமில்லாத அன்றைக்கு அந்த ஒரு வரியையாவது படியுங்கள். 2022-ல் வீகன் உணவுகளுக்குத் தனி விதிமுறையும் முத்திரையும் வந்துவிட்டன, அது இருந்தால் பால் சேர்மானம் இல்லை. ஆனால் அலர்ஜி இருக்கிற குழந்தைக்கு ‘பாலைக் கையாளும் அதே ஆலையில் தயாரானது’ என்ற வரியும் முக்கியம்.

பாயசத்துக்குத் தேங்காயைத் துருவி நீங்களே பிழிந்துவிடுங்கள், என்ன ஒரு அரை மணி நேரம். டின் தேங்காய்ப் பாலில் சல்பைட்டும் (223, 224), எண்ணெய் பிரியாமல் பிடிக்கும் பாலிசார்பேட்டும் வரலாம், ஆஸ்துமா உள்ள குழந்தை என்றால் சல்பைட் ஆகாது. தடிப்போடு மூச்சு இழுப்பும் வாந்தியும் வந்தால் இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: இங்கே கடையில் எந்தப் பாலை எடுத்தாலும் தோழி “காராஜீனன் இருக்கு, கேன்சர் வரும்” என்கிறாள். உண்மையா? (வாசகி, டொராண்டோ)

காராஜீனன் கடற்பாசியிலிருந்து எடுக்கிற பிசின், எண் 407. சர்ச்சை உண்மை, உங்கள் தோழி சொல்கிற முடிவு மிகை. அமிலத்தில் உடைத்துச் சிதைத்த காராஜீனன் என்று ஒன்று உண்டு, அது உணவில் சேர்ப்பதில்லை, சோதனை விலங்குகளின் குடலைப் புண்ணாக்கியது அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சிதைத்ததை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவிலும், உணவில் சேர்ப்பதை ‘வகைப்படுத்த இயலாதது’ என்ற 3-ஆம் பிரிவிலும் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஆர்கானிக் உணவுகளிலிருந்து இதை நீக்கலாம் என்று ஆலோசனைக் குழு 2016-ல் பரிந்துரைத்தது, வேளாண் துறை 2018-ல் ஏற்க மறுத்துவிட்டது. இந்த இழுபறியிலேயே பல கம்பெனிகள் தாங்களாகவே கெல்லன் கம்முக்கு மாறிவிட்டன.

என் கருத்து: குடல் சரியில்லாமல் எலிமினேஷன் டயட்டில் (சில உணவுகளை விலக்கிப் பார்க்கும் முறை) இருக்கும்போது, மாற்று பக்கத்து அலமாரியிலேயே இருக்கையில், இதைத் தவிர்த்துவிடுவது சுலபம். வயிற்றில் தொந்தரவு இல்லாதவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட்ட ஓட்ஸ் பால் எப்படி இனிக்கிறது? (வாசகர், திருச்சி)

ஓட்ஸில் உள்ள மாவுச்சத்தை நொதி போட்டு உடைக்கிறார்கள், அது மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாறுகிறது. வெளியிலிருந்து யாரும் சேர்க்கவில்லை என்பது உண்மைதான்! ஊட்டச்சத்து அட்டவணையில் ‘மொத்தச் சர்க்கரை’ வரியைப் பாருங்கள். கோதுமையை விலக்கியிருந்தால், குளூட்டன் இல்லாதது என்று தெளிவாகப் போட்ட ஓட்ஸ் பாலை மட்டும் எடுங்கள், வயலிலும் ஆலையிலும் ஓட்ஸோடு கோதுமை கலப்பது சகஜம்.

கேள்வி: ஃபாட்மேப்புக்காகப் பாலை மாற்றிவிட்டேன், ஃபில்டர் காபி குடித்தால் இன்னும் வயிறு ஊதுகிறது. (வாசகர், கும்பகோணம்)

காபித்தூளில் சிக்கரி எவ்வளவு? மேலே கோவை வாசகிக்குச் சொன்ன அதே இனுலின் உள்ள வேர்தான் சிக்கரி. கலவைத் தூளில் 49 சதவீதம் வரை அது இருக்க விதி அனுமதிக்கிறது. வறுக்கும்போது கொஞ்சம் சிதைந்தாலும் மீதி டிகாஷனில் இறங்கும். சில வாரங்களுக்குச் சிக்கரி இல்லாத தூள் வாங்கிப் பாருங்கள், டிகாஷன் கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகும் ஊதினால் காபியையே சந்தேகப்பட வேண்டியதுதான்.

கேள்வி: வீட்டிலேயே பாதாம் பால் அரைத்துவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே? (வாசகி, நாகர்கோவில்)

சேர்மானத் தலைவலி இல்லை, வேறு இரண்டு உண்டு. கடைப் பாலில் பாதாம் மிகக் கொஞ்சம், பல பாக்கெட்டில் இரண்டு மூன்று சதவீதம், மீதி தண்ணீர். நாமோ கை நிறைய ஊறவைத்துக் கெட்டியாக அரைப்போம். பத்துப் பாதாம் வரை ஃபாட்மேப் குறைவு, இருபதைத் தாண்டினால் கூடுதல், ஆகவே டம்ளருக்குப் பத்து போட்டு அரைத்து, துணியில் வடிகட்டுங்கள். முந்திரி வேண்டவே வேண்டாம். பிசின் இல்லாததால் அடியில் தங்கும், ஆட்டிவிட்டுக் குடியுங்கள், ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.

இரண்டாவது கால்சியம். பெரியவர்களுக்குத் தினம் 1000 மி.கி. வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். வீட்டுப் பாதாம் பாலில் கால்சியம் சொற்பம், கால்சியம் சேர்த்த பாக்கெட்டுகளில் 100 மில்லிக்கு 120 மி.கி. போல வரும், அதுவும் அடியில் படியும் என்பதால் குலுக்கி ஊற்ற வேண்டும். வீட்டுப் பால்தான் என்று முடிவு செய்தால் கேழ்வரகு, எள், நெத்திலி மாதிரி ஏதாவது தினமும் தட்டில் இருக்கட்டும். விலக்கும் கட்டம் ஆறு வாரத்துக்கு மேல் நீளக்கூடாது, அதன்பின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க உங்கள் டயட்டீஷியனிடம் இப்போதே தேதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.