இருசமபக்க முக்கோணத்தின் உயரத்தை மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

சமபக்கங்கள் 10 செ.மீ., அடிப்பக்கம் 12 செ.மீ. சுற்றளவு 32 என்று சரியாகப் போட்ட மகள், உயரத்தையும் 10 என்று எழுதுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இதே தப்பை நானும் செய்தவன்.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது எங்கள் ஓட்டுக்கூரை மொத்தமாகப் போய்விட்டது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா தச்சு வேலை செய்பவர், அதனால் கூரையை அவரே திரும்பப் போட்டார். சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் விட்டம், அதாவது உத்தரமரம், 12 அடி. அதன் இரண்டு முனையிலிருந்தும் உச்சிக்குச் சாய்ந்து ஏறும் கைமரம் ஏழரை அடி. நடுவில் முகட்டைத் தாங்க ஒரு குத்துக்கால் வேண்டும். "எவ்வளவு நீளம் அறுக்கட்டும், சொல்லு" என்றார். கைமரம் ஏழரை என்பதால் இதுவும் ஏழரைதான் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா மறுத்துப் பேசவில்லை. கைமரங்கள் சேரும் உச்சியில் ஆணி அடித்து தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டார். காற்றில் ஆடிய குண்டு மெல்ல அடங்கி, விட்டத்தில் பென்சிலால் போட்டிருந்த நடுக்கோட்டின் மேல் நின்றது. இந்தப் பக்கம் ஆறடி, அந்தப் பக்கம் ஆறடி. நூலை அளந்தால் நாலரை அடிதான். சாய்ந்து வருகிற மரமும் நேராக இறங்குகிற நூலும் ஒன்றில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்புறம் நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஏழரையின் வர்க்கம் 56.25, ஆறின் வர்க்கம் 36, மிச்சம் 20.25, அதன் வர்க்கமூலம் 4.5. செங்கோண முக்கோணத்தில் சாய்ந்த பக்கத்தின் வர்க்கம் மற்ற இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவது என்கிற பித்தகோரஸ் தேற்றம் எங்கள் வீட்டு விட்டத்தின் மேலேயே இருந்தது.

கூரை என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சேதம் கணக்கெடுக்க வந்தவர் சுவர் நிற்கிறது என்று 'பகுதிச் சேதம்' என எழுதிவிட்டுப் போனார். மேலே வானம் தெரிகிற வீட்டில் ஐந்து பேர் எப்படிப் படுப்பது? அப்பா மூன்று முறை அலைந்தும் அதை மாற்றவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு.

சரி, உங்கள் கணக்கு. அடிப்பக்கத்தில் பாதி 6. 10-இன் வர்க்கம் நூறிலிருந்து 6-இன் வர்க்கம் 36 போனால் 64, அதன் வர்க்கமூலம் 8, உயரம் 8 செ.மீ. சுற்றளவும் அடிப்பக்கமும் மட்டும் கொடுத்தாலும் பயமில்லை: 32-இல் 12 போக 20, அதில் பாதி 10. அங்கிருந்து அதே வழி.

வாய்பாட்டை மனப்பாடம் செய்தால் போதாதா என்று சிலர் வருவார்கள். நான் கணித ஆசிரியர் இல்லை, வாய்பாடு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அடிப்பக்கத்தை ஏன் பாதியாக்குகிறோம் என்று தெரியாத பிள்ளை, தேர்வில் 12-இன் வர்க்கத்தையே கழித்து, சுழியத்துக்குக் கீழே போய் முழிக்கும். மூன்று பக்கமும் வேறுவேறாக இருக்கும் அசமபக்க முக்கோணத்தில் நூல் நடுவில் விழாது என்பதும் அதற்குத் தெரியாது.

ஒரே நீளத்தில் இரண்டு தென்னங்குச்சி எடுத்து உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். அங்கிருந்து ஒரு நூலில் சாவியைத் தொங்கவிட்டு, கீழே அளவுகோலைப் படுக்கையாக வையுங்கள். சாவி எங்கே நிற்கிறது என்று அவளையே அளக்கச் சொல்லுங்கள்.