ஆலோசகருக்கு வந்த பணம் எங்கே?

கேள்வி: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறோம். மகளின் தொடக்கப்பள்ளியில் 500 பிள்ளைகள். மாணவர் ஆலோசகர் ஒருவர்தான், அவரும் வாரத்தில் மூன்று நாள் மட்டும். மாநில அரசு இதற்கென்று கூடுதல் பணம் தருகிறதாமே, அது எங்கே போகிறது?

பதில்: பணம் வருவது உண்மைதான். ஆனால் அது பள்ளிக்கு வருவதில்லை, பள்ளி மாவட்டத்துக்கு (வட்டாரப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்பு) வருகிறது.

400 பிள்ளைகள் கொண்ட ஒரு மாதிரித் தொடக்கப்பள்ளியைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு மாநிலம் கணக்குப் போடுகிறது. இந்தப் பணத்தைக் கூட்டிய 2022 சட்டத்துக்கு முன் அதில் ஆலோசகர் 0.493 ஆள் (முழுநேர ஊழியர் ஒருவர் என்றால் 1). படிப்படியாக ஏறி 2024-25இல் 0.993 ஆனது. செவிலியர் 0.076இலிருந்து 0.585. உங்கள் 500 பிள்ளைகளுக்கு விரித்தால் ஆலோசகர் 1.24 வரும். இருப்பதோ, ஐந்து நாளில் மூன்று என்பதால், 0.6.

இது விதிமீறல் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆலோசகர், செவிலியர், சமூகப் பணியாளர், உளவியலாளர் என எல்லாரையும் மாவட்டம் முழுமைக்கும் ஒன்றாகக் கூட்டித்தான் சரிபார்க்கிறார்கள். இந்தப் பள்ளியில் குறைந்தது வேறு பள்ளியில் கூடியிருந்தால் கணக்கு நேராகிவிடும். மொத்தமே குறைந்தால்தான் அந்த அளவுக்குப் பணம் நிற்கும். தவிர, ஓர் ஆளுக்கு மாநிலம் போடும் சம்பளக் கணக்கு உண்மைச் சம்பளத்துக்கு எட்டாமல் போகலாம். அந்த இடைவெளியை உள்ளூர் லெவி வரியில் (வாக்காளர் ஒப்புதலோடு மாவட்டம் வசூலிக்கும் சொத்து வரி) நிரப்ப முடியாத மாவட்டம் ஆளைக் குறைக்கிறது.

ஆகவே தலைமையாசிரியரைக் கேட்டுப் பயனில்லை. மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். எஸ்-275 எனும் பணியாளர் அறிக்கையிலிருந்து, பள்ளிவாரியாக, பணிக்குறியீடு 42 (ஆலோசகர்), 47 (செவிலியர்) ஆகியவற்றின் விவரம் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். "ஆலோசகர் பற்றிய எல்லா ஆவணமும்" என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். பொது ஆவணச் சட்டப்படி ஐந்து வேலை நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதில் ஆவணமாகவே இருக்கும் என்பதில்லை, எப்போது தருவோம் என்ற தகவலாகவும் இருக்கலாம்.

கேள்வி: இருக்கிற ஆலோசகரையும் தேர்வு மேற்பார்வைக்கும் சாப்பாட்டு அறைக்கும் அனுப்புகிறார்களே?

பதில்: பிள்ளைகளுக்கு இதில்தான் நஷ்டம் அதிகம். வேலை நேரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டை ஆலோசகர் மாணவர்களுக்கான நேரடி, மறைமுகச் சேவையில் செலவிட வேண்டும் என்கிறது 2021 சட்டம். இதற்கான எழுத்துவடிவத் திட்டம் ஒவ்வொரு மாவட்டத்திடமும் இருக்க வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்கி, ஆலோசகரின் வார அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

ஆலோசகர் ஒருவருக்கு 250 மாணவர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. அது சட்டமில்லை. ஆகவே மாவட்டப் பள்ளி வாரியக் கூட்டத்தில் சட்டம் சொல்லும் 80 விழுக்காட்டை முன்வைத்துப் பேசுங்கள். பட்ஜெட் ஆகஸ்ட் 31க்குள் நிறைவேறிவிடும், அதனால் வசந்தகாலத்திலேயே போய்விடுங்கள்.