அமெரிக்காவில் விவசாயிகளுக்கு அரசு பணம் தருகிறதா? யாருக்கு, எந்தக் கணக்கில்?

தருகிறது, நிறையவே. அயோவா மாநிலத்தில் விவசாயிகளுக்கு வருமான வரிக் கணக்கு முடித்துக்கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். விவசாய வருமானத்துக்கான படிவத்தில் அரசுத் திட்டப் பணத்துக்கென்றே ஒரு கட்டம் உண்டு. எங்கள் பக்கம் அது காலியாக வருவது அபூர்வம்.

நம் ஆட்களுக்குப் புதிதாகத் தெரிவது அந்தக் கணக்குதான். அதில் பாதி கவுண்டியை வைத்து நடக்கிறது. கவுண்டி என்றால் ஒரு சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அயோவாவில் மட்டும் 99 இருக்கின்றன. முக்கியமான திட்டம் ஒன்றில் கவுண்டியின் சராசரி விளைச்சலை நாட்டின் சராசரி விலையால் பெருக்குகிறார்கள். அந்தத் தொகை முந்தைய ஆண்டுகளின் அளவைவிட ஒரு வரம்புக்குக் கீழே போனால் பணம் வரும். உங்கள் வயலை ஆலங்கட்டி மழை அழித்திருந்தாலும், கவுண்டி முழுக்க நல்ல விளைச்சல் என்றால் இந்தத் திட்டத்தில் ஒன்றும் கிடைக்காது. உங்களுக்கு நன்றாக விளைந்து, மற்றவர்களுக்குப் பொய்த்தால் உங்களுக்கும் சேர்த்து வரும்! அதுவும் அறுவடை முடிந்து அடுத்த ஆண்டு அக்டோபர் வாக்கில்தான்.

கவுண்டியை வைத்துக் கணக்குப் போடுவதன் உச்சம் 2019. அதற்கு முந்தைய ஆண்டு சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. உடனே வந்த நிவாரணத்தில் சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு ஒரே ஒரு சென்ட். (ஒரு புஷல் மக்காச்சோளம் சுமார் 25 கிலோ.) மக்காச்சோளக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த ஆண்டு பயிர் வித்தியாசத்தை எடுத்துவிட்டு, பெரும்பாலான பயிர்களுக்குக் கவுண்டிக்கு ஒரே விகிதம் என்றார்கள்: ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை. எல்லைச் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, அந்தப் பக்கம் வேறு. மண் ஒன்று, பயிர் ஒன்று, சில நேரம் உழுபவரும் ஒருவரே.

இன்னொரு விசித்திரம், வழக்கமான திட்டங்களில் நீங்கள் இந்த ஆண்டு என்ன விதைத்தீர்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முந்தைய சாகுபடியை வைத்து நிலத்தின் பேரில் பதிந்திருக்கும் 'பேஸ் ஏக்கர்'தான் கணக்கு. அதிலும் 85 சதவீதத்துக்குத்தான் பணம். மக்காச்சோளம் என்று பதிவான நிலத்தில் சோயா போட்டாலும் மக்காச்சோளத்துக்கான பணமே வரும். ஆனால் காய்கறி போட்டு, அது 15 சதவீதத்தைத் தாண்டினால் வெட்டு விழும்.

சரி, பணம் நிலச் சொந்தக்காரருக்கா, உழுபவருக்கா? அயோவா விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகையில் இருக்கிறது. ரொக்கக் குத்தகை என்றால் பணம் உழுபவருக்கு. விளைச்சலைப் பங்கிடும் வாரக் குத்தகை என்றால் இருவருக்கும் பங்கு. நம் ஊர் பிஎம் கிசானில் பட்டா இல்லாத குத்தகைதாரருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய்கூடக் கிடையாது. அந்த வகையில் இது தேவலை என்று தோன்றும். ஆனால் மானியம் வரும் என்று தெரிந்தால் நிலக்காரர் அடுத்த குத்தகையை ஏற்றிவிடுவார். கடைசியில் லாபம் யாருக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வரம்பு இல்லையா என்று கேட்பீர்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்று இருந்தது; 2025 சட்டம் அதை 1,55,000 ஆக்கியது. கணவன், மனைவி, அண்ணன், தம்பி எல்லோரும் கூட்டாளிகளாகச் சேர்ந்து, எல்லோரும் விவசாயத்தில் ஈடுபடுவதாகக் காட்டினால் தலைக்கு ஒரு வரம்பு. முறைகேடு என்று சொல்ல முடியாது, சட்டமே விட்டிருக்கும் வழி. பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் அரசு கட்டுகிறதே, அதற்கு இந்த உச்சவரம்புகூடக் கிடையாது.