தாத்தாவின் மெடல்: வலப்பக்கம் குத்துங்கள், பாலிஷ் வேண்டாம்

தம்பி, இறந்துபோன தாத்தாவின் 1971 போர் மெடல்களைச் சட்டையில் குத்திக்கொண்டு ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்குப் போகலாமா, அதற்கு முன் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பாலிஷ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பாலிஷ். தயவுசெய்து வேண்டாம். கொலுசு மெருகேற்றும் கை வேறு, இது வேறு. நீங்கள் சொல்லும் பூர்வி ஸ்டார் (கிழக்குப் போர்முனையில் பணியாற்றியவர்களுக்கான நட்சத்திர மெடல்) வெள்ளியே இல்லை, வெண்கல நிறத்தில்தான் இருக்க வேண்டும். அதே போர்க்காலப் பணிக்குக் கொடுத்த வட்டமான சங்கிராம் மெடலின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: சர்வீஸ் நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் தெரியும். என் அப்பாவின் மெடலை ஒரு பட்டறையில் கொடுத்தேன். பளபளவென்று வந்தது, பெயரில் பாதியைக் காணோம். உலர்ந்த பருத்தித் துணியே போதும். ரிப்பன் நைந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

சரி, எந்தப் பக்கம்? தாத்தா இருந்திருந்தால் இடப்பக்க மார்பில் அணிந்திருப்பார், வேட்டி சட்டையானாலும். வாரிசுகள் வலப்பக்கம்தான் அணிய வேண்டும். ராணுவம் அதையும் போர் நினைவிட அஞ்சலி, இறுதிச் சடங்கு போன்றவற்றுக்கென்றே சொல்கிறது. கொடியேற்றத்துக்கு எப்படி என்று சேலம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தோள் பட்டை, ரேங்க் பட்டி, தொப்பி பேட்ஜ் எல்லாம் பெட்டியிலேயே இருக்கட்டும். படைவீரர் என்று பிறர் நம்பும்படி அவற்றை அணிவது குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவு.

அப்புறம், மெல்லிய காட்டன் சட்டை கனம் தாங்காமல் தொங்கும். பாக்கெட்டுக்கு உள்ளே ஒரு அட்டைத் துண்டு வைத்துக் குத்துங்கள்.