சட்டம் படிப்பதற்கு முன் சர்வே எண்

கேள்வி: தாவரவியலில் முதுநிலைப் பட்டப் படிப்பை முடிக்கப் போகிறேன். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் காப்பது, அதற்கான கொள்கைகளை அரசிடம் வலியுறுத்துவது ஆகிய பணிகளில் சேர விரும்புகிறேன். அடுத்து சட்டம் படிப்பது அவசியமா?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: சட்டம் படித்தால் உதவும், ஆனால் அதற்கு முன் வருவாய்த் துறை ஆவணங்களைப் படிக்கப் பழகுங்கள். பறவைகளையும் செடிகொடிகளையும் நன்கு அறிந்து இத்துறைக்கு வரும் இளைஞர்கள் பலர், அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம், யாருடையது என்று காட்டும் கிராமப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் படம்) கையில் கொடுத்தால் விழிக்கிறார்கள். ஒரு நிலம் பிழைக்குமா என்பதோ, அது நீர்நிலைப் புறம்போக்கா, தரிசா, பட்டா நிலமா என்ற பதிவைப் பெரிதும் பொறுத்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புக்கு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியும் கிடைத்தது. ஆயினும், எந்தெந்த சர்வே எண்கள் அந்த எல்லைக்குள் வருகின்றன, சுற்றிலும் எதுவரை கட்டுமானத்தைத் தடுக்க வேண்டும் என்ற வாதம் அதன் பிறகும் ஓயவில்லை.

அடுத்தது காலக்கெடு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு திட்டத்தைப் பற்றிய பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த நாள்களுக்குள் அந்தத் திட்டத்தின் தடித்த தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படித்து, கோடையில் மட்டும் கணக்கெடுத்துவிட்டு மழைக்காலத் தாவரங்களை விட்டுவிட்டார்களா, வரைபடத்தில் ஓர் ஓடை காணாமல் போயிருக்கிறதா என்று கண்டுபிடித்து எழுத்தில் கொடுப்பதே உங்கள் வேலையாக இருக்கும். உங்கள் தாவரவியல் பயன்படும் இடமும் அதுதான். கூட்டத்தில் உருக்கமாகப் பேசியது மறந்துபோகும்; எழுதிக் கொடுத்த ஆட்சேபம் வழக்கில் நிற்கும். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவும் 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை கிடைக்கலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருப்பது உங்களுக்கு வசதி.

தன்னார்வ அமைப்புகள், ஆய்வு அறக்கட்டளைகள், சுற்றுச்சூழல் வழக்கறிஞர்களின் அலுவலகங்கள், அரசின் ஈரநில இயக்கம் போன்ற இடங்களில் வாய்ப்பு தேடலாம். பெரும்பாலும் திட்ட நிதியைச் சார்ந்த ஒப்பந்தப் பணிகளே கிடைக்கும். இதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. மூன்றாண்டுச் சட்டப் படிப்பைப் பற்றி ஓரிரு ஆண்டுக் களப்பணிக்குப் பிறகு முடிவெடுக்கலாம். இப்போதைக்கு உங்கள் பகுதி ஏரி ஒன்றின் பதிவேட்டு விவரத்தைப் பழைய கிராம வரைபடத்தோடும் இன்றைய செயற்கைக்கோள் படத்தோடும் ஒப்பிட்டு, மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி, வேலைக்கான விண்ணப்பத்துடன் இணையுங்கள்.