தூரிகை கேள்வி–பதில்: ஏரிக்கரையும் அக்ரிலிக்கும்

மூக்கனேரிக் கரையில் நின்று, எதிர்க்கரை வீடுகளையும் பின்னால் சேர்வராயன் மலையையும் 16-க்கு 20 அங்குல கேன்வாஸில் அக்ரிலிக் பெயின்டால் வரைந்தேன். வானம் பட்டை பட்டையாக நிற்கிறது. தண்ணீரோ சிமெண்டுத் தரை மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?
*– வாசகி, கன்னங்குறிச்சி*

வானத்தைக் கெடுத்தது சேலத்து வெயில். ஏப்ரல், மே மாதங்களில் அடுத்த நிறத்தைக் கலக்குவதற்குள் முதல் நிறம் இறுகிவிடும். வானத்துக்கான எல்லா நிறங்களையும் தேவைக்கு மேலாகவே முன்கூட்டிக் கலந்து வையுங்கள். பத்துப் பங்கு பெயின்டுக்கு காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு பங்கு போதும். கூடினால் படலம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். வீட்டுக்குள் வரைந்தால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, 2 அங்குலத் தட்டைத் தூரிகையால் ஒரே மூச்சில் முடியுங்கள். பாதி காய்ந்த இடத்தை மட்டும் மறுபடி தேய்க்கக் கூடாது. கீழ்ப்பூச்சு உரிந்து சொட்டை விழும். முழுக்கக் காயவிட்டு, இரண்டாம் பூச்சு கொடுத்தால் பட்டைகள் மறையும்.

தண்ணீருக்கு வருவோம். பலரும் ஏரி முழுவதற்கும் ஒரே நீலத்தைப் பூசிவிடுகிறார்கள். தரைபோல் தோன்றுவது அதனால்தான். எதிர்க்கரை ஓரத்துத் தண்ணீரை நாம் மிகச் சாய்வாகப் பார்க்கிறோம், அங்கே அடிவானத்தின் வெளிச்சம் அப்படியே தெரியும். காலடிக்கு நெருங்க நெருங்கப் பார்வை செங்குத்தாகிறது. பிரதிபலிப்பு குறைந்து, தண்ணீரின் சொந்தப் பச்சையும் பழுப்பும் மேலே வரும். ஆகவே தூரத்தில் வெளிறியும், அருகில் அடர்ந்தும் இருக்க வேண்டும். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே தண்ணீர் தண்ணீராகத் தெரியும்.

வீடுகளின் பிம்பம் நேர்கீழே விழும், நிழல்போலச் சாயாது. வெள்ளைச் சுவரின் பிம்பத்தைச் சுவரைவிட ஒரு படி மங்கலாகவும், கறுத்த மரத்தின் பிம்பத்தை ஒரு படி வெளிறலாகவும் வையுங்கள். பிம்பங்களைச் செங்குத்தாக இழுத்து, ஈரம் போவதற்குள் உலர்ந்த தூரிகையால் குறுக்கே லேசாக ஒரு தடவல். அலைக்கோடுகள் தூரத்தில் மெல்லியதாகவும் நெருக்கமாகவும், அருகில் அகன்றும் இருக்கட்டும்.

மலைக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரின் புளூவும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் நல்ல சாம்பல் கிடைக்கும். அதில் டைட்டானியம் ஒயிட் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கூரைகளுக்குச் சற்று மேலே மலையின் அடிவாரம், புழுதி மூட்டத்தால் உச்சியைவிட வெளிறித் தெரியும். அதை விட்டுவிட்டால் மலை கூரைமேல் ஒட்டிவைத்ததுபோல் நிற்கும்.

கட்டட விளிம்புக்கு மாஸ்கிங் டேப் ஒட்டியும் பெயின்ட் உள்ளே கசிகிறது. சன்னல் விளக்குக்கு வைத்த மஞ்சளும் எடுபடவில்லை.
*– வாசகர், அஸ்தம்பட்டி*

கேன்வாஸின் நெசவுப் பள்ளங்கள் வழியாகத்தான் கசிவு. கேன்வாஸுக்கு அடிப்பூச்சாகப் பூசும் வெள்ளை ஜெஸ்ஸோவை இரண்டு பூச்சு கொடுத்து, உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துவிட்டு டேப் ஒட்டுங்கள். டேப்பின் விளிம்பில் முதலில் மேட் மீடியத்தை (நிறமில்லாத, பளபளப்பற்ற அக்ரிலிக் கலவை) தடவிக் காயவிடுங்கள். இடுக்கை அது அடைத்துவிடும். அதன்மேல் நிறம். லேசாக ஈரம் இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக உரித்தெடுக்க வேண்டும்.

மஞ்சளில் பல வகை ஒளி ஊடுருவக்கூடியவை. இருட்டின்மேல் வைத்தால் பச்சையாக மங்கும். வெள்ளைப் புள்ளி வைத்துக் காய்ந்தபின், அதன்மேல் மஞ்சளை மெல்லிசாகப் பூசுங்கள். எல்லாச் சன்னலிலும் விளக்கெரிய வேண்டியதில்லை. சிலதை இருட்டாகவே விடுங்கள்.

ஏற்காட்டு ஏரியை டிசம்பர் விடியற்காலையில் அங்கேயே இருந்து வரையலாமா?
*– வாசகர், ஏற்காடு*

வெயில் ஏறட்டும். குளிர் 10 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று சரியாக இணையாமல், படலம் பின்னால் வெடிக்கலாம். பனிமூட்டத்தில் வார்னிஷும் அடிக்காதீர்கள், வெண்மை பூத்துவிடும். வீட்டுக்கு எடுத்துவந்து, ஈரப்பதம் குறைந்த நாளில் அடியுங்கள்.