சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் உணர்ச்சிச் சொற்களை எப்படிக் கற்றுத்தருவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பட அட்டையைக் காட்டினால் ‘ஹேப்பி’, ‘சேட்’, ‘ஆங்ரி’ என்று கூரை அதிரக் கத்துகிறார்கள். ஆனால் அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டால் ஒரு சொல்கூட வருவதில்லை. எங்கே தப்பு நடக்கிறது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அழுகிற பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்காதீர்கள். தமிழில் கேளுங்கள், முகத்தைக் கழுவிவிடுங்கள், தண்ணீர் கொடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவனே சிரித்துக்கொண்டு திரிவான். அப்போது கூப்பிட்டு, “காலையில என்னடா ஆச்சு, இங்கிலீஷ்ல சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். அழுகை நின்ற பிறகு அவனுக்கு அது ஒரு கதை. கதை சொல்ல எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும்.

நான் விழுப்புரம் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் ஐந்தாறு வருடம் நானும் பட அட்டைக்காரிதான். காலையில் உள்ளே நுழைந்ததும் “ஹவ் ஆர் யூ சில்ரன்?” என்பேன். “ஐ ஆம் ஃபைன் தேங்க்யூ மிஸ்ஸ்ஸ்” என்று இழுப்பார்கள். ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் முட்டியில் ரத்தம் வழிய, தேம்பிக்கொண்டே எழுந்து நின்று, எல்லோரோடும் சேர்ந்து “ஐ ஆம் ஃபைன்” சொன்னான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவனுக்கு அது வணக்கம் மாதிரி ஒரு சத்தம். அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

பட அட்டையில் உள்ள குறையும் அதுதான். மஞ்சள் வட்டத்தில் வாய் மேலே வளைந்தால் ஹேப்பி, கீழே வளைந்தால் சேட். பிள்ளை கற்றுக்கொள்வது அந்தக் கோட்டுக்கு ஒரு பெயர். தனக்கு உள்ளே நடப்பதற்கும் அந்தப் பெயருக்கும் அது முடிச்சுப் போடவில்லை.

சரி, முடிச்சு எங்கே போடுவது? முகத்தை விட்டுவிட்டு, நடந்ததிலிருந்து தொடங்கலாம் என்பது என் அனுபவம். இதற்கு எனக்கு வழி காட்டியது எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை, தொல்காப்பியம். சிரிக்காதீர்கள். பி.ஏ. தமிழுக்குப் படித்த மெய்ப்பாட்டியல், அதாவது உணர்ச்சிகளைப் பற்றிய அதன் பகுதி, ஞாபகம் இருந்தது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. அதோடு விடாமல், ஒவ்வொன்றும் எதனால் வருகிறது என்று நந்நான்கு காரணமும் சொல்லியிருக்கும். அச்சத்துக்கு ‘அணங்கே விலங்கே கள்வர் தம் இறை’. அதாவது பேய் மாதிரி வருத்தும் தெய்வம், மிருகம், திருடர், தம்மை ஆள்கிறவர்.

ஒரு நாள் மூன்றாம் வகுப்பில் ‘ஸ்கேர்டு’ நடத்தும்போது, “உங்களுக்கெல்லாம் எதுக்குப் பயம்?” என்று தமிழிலேயே கேட்டு, வந்ததையெல்லாம் கரும்பலகையில் எழுதினேன். பேய். நாய். பிள்ளை பிடிக்கிறவன். அப்புறம் கடைசி வரிசையிலிருந்து மெதுவாக ஒரு குரல், “ஹெச்.எம். சார்.” எழுதி முடித்துவிட்டு நானே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ஒன்றுகூடப் பிசகவில்லை!

அந்த நாலு பெயருக்கும் பக்கத்தில் ‘ஐ ஆம் ஸ்கேர்டு ஆஃப்’ என்று மட்டும் எழுதிக்கொடுத்தேன். கோஸ்ட், டாக், தீஃப் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த சொற்கள்தான். பத்து நிமிடத்தில் எல்லோரும் முழு வாக்கியம் பேசினார்கள். ஹெச்.எம். வாக்கியத்தை மட்டும் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை என்று இருக்கிறதே என்று ‘ப்ரௌடு’ என்ற சொல்லையும் எடுத்தேன். சிறு பிள்ளைகளுக்கான பட்டியல்களில் அது பெரும்பாலும் இருக்காது. கிணற்றில் முதல் தடவை குதித்தவனும், பக்கத்துப் பெண்ணுக்குப் புது ரப்பரைக் கொடுத்தவளும் அந்தச் சொல்லை அன்றே பிடித்துக்கொண்டார்கள்.

இனி வாக்கியச் சிக்கல். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் உங்கள் பிள்ளைகள் வாயடைத்து நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தமிழில் உணர்ச்சி நம்மைத் தேடி வருகிறது. எனக்குக் கோபம் வருது, எனக்குப் பயமா இருக்கு, எனக்குத் தூக்கம் வருது, எனக்குப் பசிக்குது. எல்லாம் ‘எனக்கு’. ஆங்கிலத்தில் அந்தக் ‘கு’ கிடையாது, ‘ஐ ஆம்’ என்று நானே எழுவாயாகி முன்னால் நிற்க வேண்டும். என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை பக்கத்தில் இருந்தவளை முறைத்துக்கொண்டு, “ஆங்ரி கமிங் மிஸ்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் யோசித்தால், கோபம் வருது மிஸ் என்பதை அவள் அச்சு அசலாக மாற்றியிருக்கிறாள். உணர்ச்சி தெரிகிறது, சொல்லும் இருக்கிறது, சட்டகம்தான் தமிழுடையது.

அதனால் ‘ஆங்ரி’ என்று தனிச் சொல்லாக ஒரு நாளும் சொல்லித்தராதீர்கள். முதல் நாளிலிருந்தே ‘ஐ ஆம் ஆங்ரி’ என்று ஒட்டியே கொடுங்கள், ஒரே சொல் போல. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்வேன். கை போகும்போது ‘ஐ ஆம்’ தானாக வந்துவிடும். காய்ச்சலுக்கு மட்டும் ‘ஐ ஹேவ் ஃபீவர்’. ‘ஐ ஆம் ஃபீவர்’ என்பார்கள், திருத்திவிடுங்கள். ஏன் என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு விளக்கப் போகாதீர்கள், அது வீண் வேலை.

காரணம் சொல்ல வைக்கும்போதும் இதே தகராறு உண்டு. ‘பிகாஸ்’ போட்டு ஒரு வாக்கியம் சொல் என்றால் திணறுவார்கள். தமிழில் காரணம் முன்னால் வரும், கோபம் பின்னால் வரும். ‘பென்சிலை எடுத்துட்டான், அதனால கோபம்.’ ஆங்கிலத்திலும் அதே வரிசையில் இரண்டு குட்டி வாக்கியமாகச் சொன்னால் ஒரு தப்பும் இல்லை: ‘ஹீ டுக் மை பென்சில். ஐ ஆம் ஆங்ரி.’ பிகாஸ் நாலாம் வகுப்பில் வரட்டும். இந்த ஒரு மாற்றத்துக்கு அப்புறம் என் வகுப்பில் புகார்கள் ஆங்கிலத்தில் வரத் தொடங்கின. எங்கள் பிள்ளைகள் நாளைக்கு நாலு தடவை காய் விட்டுப் பழம் விடுகிறவர்கள், புகாருக்குப் பஞ்சமில்லை. இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். காய் விட்டவன் அந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும், மற்றவன் ‘ஐ ஆம் சாரி’ சொல்ல வேண்டும், அப்புறம்தான் பழம். பாதிச் சண்டையில் வாக்கியத்தை யோசிப்பதற்குள் கோபமே போய்விடுகிறது.

ஒரே நாளில் எட்டுச் சொல்லையும் அவிழ்த்துக் கொட்டாதீர்கள். பாடப்புத்தகத்தில் ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கும், முடித்துவிடத் தோன்றும். ஒரே வகையைச் சேர்ந்த புதுச் சொற்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பி, தொடர்பில்லாத சொற்களைப் படிப்பதைவிட அதிக நேரம் பிடிக்கிறது என்று தாமஸ் டிங்கம் 1993இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார். வகுப்பறையில் நிற்கும் யாருக்கும் இது ஆய்வில்லாமலே தெரியும். நான் வாரத்துக்கு இரண்டு சொல், அதுவும் எதிர்ச்சொல் ஜோடியாக இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். ஹேப்பியும் டயர்டும் ஒரு வாரம், ஸ்கேர்டும் ஹங்ரியும் இன்னொரு வாரம்.

ஆங்ரியையும் ஹங்ரியையும் மட்டும் ஒரு மாதமாவது தள்ளி வையுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு பையன் காலை பத்து மணிக்கு என் மேசைக்கு வந்து “ஐ ஆம் ஆங்ரி மிஸ்” என்றான். யார் அடிச்சா, யார் மேல கோபம் என்று விசாரணை நடத்தினேன். அவன் விழித்தான். பக்கத்துப் பெண்தான், “அவன் காலையில சாப்பிடல மிஸ்” என்றாள். இது காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வருவதற்கு முன்னால். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டம், 2023 ஆகஸ்டில்தான் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. இப்போது உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார்கள். ஆனால் நாக்குக் குழப்பம் அப்படியே இருக்கிறது, நம் பிள்ளைகளில் பலருக்கு ‘ஹ’ காற்றோடு போய்விடும். உள்ளங்கையை வாய் முன்னால் வைத்து, காற்றுப் படுகிறதா பார் என்று சொல்லிக்கொடுங்கள். காற்றுப் பட்டால் சோறு, படாவிட்டால் சண்டை.

எனக்கு ரொம்பப் பிடித்த வகுப்பு ஒன்று உண்டு. நாலு, ஐந்தாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும். “உங்க வீட்ல, தெருவுல பேசற இங்கிலீஷ் ஃபீலிங் சொல்லையெல்லாம் சொல்லுங்க” என்று கேட்பது. டென்ஷன், ஜாலி, போர், ஷாக், மூட் அவுட், ஃபீலிங் என்று கொட்டும். ஆங்கிலமே தெரியாது என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, கரும்பலகை நிறையத் தன் சொத்து இருப்பதைப் பார்த்தால் முகம் மாறும்.

அதற்கப்புறம் பழுது பார்க்கிற வேலை. “அவ ஃபீல் பண்றா” என்றால் நமக்கு வருத்தப்படுகிறாள் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ஃபீல் என்றால் அது சந்தோஷமாகவும் இருக்கலாம், எதை என்று சொல்லியாக வேண்டும். மூட் அவுட் நம் ஊர்த் தயாரிப்பு, வெளியூர்க்காரனுக்குப் புரியாது. டென்ஷன் நமக்குப் பெரும்பாலும் கோபம். “அப்பாவை டென்ஷன் பண்ணாதே” என்கிற வீட்டில், ஆங்கிலத்தில் அங்கே வர வேண்டியது ஆங்ரி. போர் அடிக்குது என்பதை ‘ஐ ஆம் போரிங்’ என்று மாற்றுவார்கள். அதற்கு நான் சொல்வது, கொடுக்கிறவன் ‘இங்’, வாங்கிக்கிறவன் ‘டு’. மேட்ச் போரிங், பார்க்கிற நான் போர்டு. முதல் தடவை ‘ஐ ஆம் போர்டு’ என்றதும் ஒருவன் கரும்பலகையைக் காட்டிச் சிரித்தான். அவன் மேல் தப்பில்லை.

வெட்கம் என்ற சொல்லிடம் ஜாக்கிரதை. விருந்தாளி வந்தால் அம்மா பின்னால் ஒளிவதும் வெட்கம், தப்புச் செய்து மாட்டிக்கொண்டு தலைகுனிவதும் வெட்கம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். சின்ன வகுப்புக்கு முதல் அர்த்தத்தில் ‘ஷை’ மட்டும் போதும், இரண்டாவது பிறகு வரட்டும்.

இன்னொன்று, இது கொஞ்சம் கனமானது. ஒருமுறை வட்டமாக உட்காரவைத்து ‘வென் ஆர் யூ சேட்?’ என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனேன். ஐஸ்கிரீம் கீழே விழுந்தது, கோழிக்குஞ்சு செத்தது என்று வந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளை, “ஃபாதர் ட்ரிங்க் மிஸ். நைட் ஐ ஆம் சேட்” என்றாள். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. அவளை அப்படி நிற்கவைத்தது நான்தான். அதற்கப்புறம் சேட், ஸ்கேர்டு இரண்டுக்கும் வரிசையாகக் கேட்பதில்லை. கைதூக்கினால்தான் வாய்ப்பு. ‘பாஸ் மிஸ்’ என்று சொல்லி நகர்ந்துவிடும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு. அவளிடம் அன்று சாயங்காலம் தமிழில் தனியாகப் பேசினேன். அதை இங்கே எழுதத் தேவையில்லை. நீங்களும் இந்தப் பாடம் நடத்தும்போது இப்படி ஒன்று வெளியே வரலாம். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கே இன்னும் பிடிபடாத சொல் ஒன்று இருக்கிறது: ‘சர்ப்ரைஸ்டு’. எங்கள் பிள்ளைகளுக்கு சர்ப்ரைஸ் என்றால் பிறந்தநாள் பரிசு. ‘ஐ ஆம் சர்ப்ரைஸ்’ என்றால் யாரோ கேக் வாங்கித் தந்திருக்கிறார்கள். படத்தில் கண்ணை விரித்து வாயைப் பிளந்த முகத்தைக் காட்டினால் பாதிப் பேர் ‘ஸ்கேர்டு’ என்பார்கள். நம் பிள்ளைகள் மட்டும் இல்லை. உளவியலாளர் பால் எக்மன் பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் குட்டிக் கதை சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். 1971இல் வந்த அந்த ஆய்வில், மற்ற முகங்களைப் பெரும்பாலும் சரியாக எடுத்தவர்கள் பயத்தையும் வியப்பையும் பிரிக்க முடியாமல் தடுமாறினார்கள். போன வாரம் மூடிய டப்பாவுக்குள் உயிருள்ள ஓணான் ஒன்றைப் போட்டுவந்து திறந்து பார்த்தேன். நாலு பேர் பெஞ்ச் மேல் ஏறினார்கள், இரண்டு பேர் அதைப் பிடிக்கப் போனார்கள், எல்லோரும் கத்தியது ‘ஐயோ’. யாரிடமாவது இதற்கு நல்ல யோசனை இருந்தால் கீழே எழுதுங்கள், ஓணான் இல்லாமல்.